மருவுக்கும் ஒரு விசாரணை

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் மற்றவர்கள் துடைப்பத்தைத் தேடுவார்கள். என் நாத்தனார் இருக்கும் வீட்டில் துடைப்பத்தைத் தொடக்கூடாது. சில்லுகள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவள் இடுப்பில் கை வைத்து நின்று, "யாரு மொதல்ல இந்த டம்ளரத் தொட்டது?" என்பாள். தவழுகிற பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் சரி, பதில் வராமல் ஒரு சில்லும் நகராது. "கூட்டிட்டா சாட்சி போயிடும்" என்பாள். ஒருமுறை அவளே அந்தச் சில்லை மிதித்துவிட்டாள். காலில் ரத்தம் சொட்டச் சொட்ட நொண்டிக்கொண்டே விசாரணையை முடித்தாள். உடைத்தது பூனை என்று தீர்ப்பானது. அப்புறம்தான் பிளாஸ்டர் ஒட்டினாள்.

கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் வாசலில் அவளுக்கு ஜாகா வேலை, அதாவது காவல். சிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களின் கைப்பைகளைச் சோதிப்பது அவள் பொறுப்பு. மற்ற ஜாகாக்கள் பையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பாள், குடையை விரிப்பாள், மாதவிலக்குப் பஞ்சுப் பொட்டலத்தைக்கூட வரிசையில் நிற்கும் எல்லார் முன்னாலும் பிரித்துப் பார்ப்பாள். "பை பேசாதும்மா, நான்தான் பேச வெக்கணும்" என்பது அவள் வாசகம். ஒருமுறை உண்மையிலேயே ஒரு திருட்டைப் பிடித்தாள். கம்பெனி அவளுக்கு ஒரு ரைஸ் குக்கர் கொடுத்தது. அதில் அவள் ஒரு நாளும் சோறு ஆக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் பெட்டியோடு நின்றது.

நேரில் அவளிடம் 'நீங்க', 'அக்கா' என்றுதான் பேசினேன். எழுதும்போது 'அவள்' என்றுதான் வருகிறது. வரட்டும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் நான் ரவிக்கை தைக்கிறேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருகிற பிழைப்பு. அளவு எடுக்கும்போது பெண்கள் வாய் திறப்பார்கள். கையைத் தூக்கச் சொன்னால் மனசையும் தூக்கிக் காட்டிவிடுவார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு மனிதர்களின் பேச்சின் மேல் ஒரு பைத்தியம். யார் நல்ல வார்த்தை ஒன்று சொன்னாலும் ஊசியில் கோத்து வைத்துக்கொள்வேன். என் நாத்தனார் சொன்னவையும் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கோத்து வைக்கவில்லை, அவையே குத்திக்கொண்டு நிற்கின்றன.

அவளுடைய விசாரணைக்கு ஒரு முறை உண்டு. முதலில் கேள்வி. கேள்வியில் சிக்காவிட்டால் சூடம். பித்தளைத் தட்டில் ஒரு கட்டியை வைத்துக் கொளுத்தி, "உள்ளங்கையால அணைச்சு சத்தியம் பண்ணு" என்பாள். பொய் சொல்கிறவன் கை தயங்கும், உண்மை சொல்கிறவன் கை தயங்காது. இதுதான் அவள் சட்டம். கையைத்தான் பார்ப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள்.

கோயிலில் அன்னதானச் சமையல் நடந்த ஒரு நாள் பித்தளைக் கரண்டி ஒன்று காணாமல் போனது. சமையலுக்கு வந்த அத்தனை பெண்களையும் வரிசையில் நிறுத்திச் சூடம் கொளுத்தினாள். வடை சுட்டுக்கொண்டிருந்த ஒரு ஆன்டியின் கை முழுக்க எண்ணெய். நெருப்பைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பாத்தீங்களா!" என்றாள் என் நாத்தனார். அந்த ஆன்டி அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். பந்தி பாதி நடந்தபோது சாம்பார் அண்டாவின் அடியில் கரண்டி கிடைத்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை மன்னிப்பு வருமா என்று. அவள் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, யாரு மொதல்ல இத உள்ள போட்டது?" என்றாள். அந்த ஆன்டி அதன்பிறகு அந்தக் கோயிலுக்கு வந்ததேயில்லை.

இவ்வளவு சொல்கிற நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. என் வீட்டுக்காரரை வளர்த்தது அவள்தான். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வெயிலில் வாசலில் நின்று சம்பாதித்துத் தம்பியைப் படிக்க வைத்தாள், ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸ் எடுக்க வைத்தாள், போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலையில் சேர்த்துவிட்டாள். சட்டைப் பையில் சிகரெட் தூள் இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும் கண் அவளுக்கு. ஆனால் வெளியாரிடம், "என் தம்பி வெள்ளத் துணி" என்பாள். அந்தத் துணியில் கறை விழக்கூடாது. விழுந்தால் பக்கத்தில் இருந்த துணிதான் சாயம் போயிருக்கும்.

பக்கத்துத் துணி நான்.

நான் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது கீழே, மறைவிடத்தில், சின்னச் சின்னதாக என்னமோ தட்டுப்பட்டது. குளிக்கும்போது விரலில் படும், நொய்யரிசி ஒட்டியதுபோல. வலிக்கவில்லை, கொஞ்சம் அரிப்பு மட்டும். வயிறு மறைத்ததால் குனிந்து பார்க்க முடியவில்லை. பவுடர் டப்பாக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். தோல் நிறத்திலேயே, மேலே சொரசொரவென்று, காலிஃபிளவர் பூவைக் கிள்ளிச் சின்னதாக ஒட்ட வைத்ததுபோல இருந்தது. நாளாக ஆகப் பெருகி, பின்பக்கம் வரை போய்விட்டது.

நாத்தனாரிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது, வீட்டில் இன்னொரு பெண் அவள்தான். பார்க்காமலே சொன்னாள்: "பைல்ஸ். புள்ளத்தாச்சிக்கு வர்றதுதான். யாரு உன்ன மொதல்ல காரம் திங்கச் சொன்னது?" அன்றே பாசாருக்குப் போய்க் கருணைக்கிழங்கு வாங்கி வந்தாள். மசியல், புளிக்குழம்பு, வறுவல் என்று விடாமல் கருணைக்கிழங்கு. தொண்டை அரித்தது. கீழே அரிப்பு அப்படியே இருந்தது. மேலும் கீழும் அரிப்பெடுத்து நான் நெளிந்துகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர், "இவள ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்லா" என்றார். "கெழங்குக்கு டைம் குடுடா" என்றாள் அவள்.

தாய்சேய் கிளினிக்கில் வழக்கமான சோதனைக்குப் போனபோது நானே மிஸியிடம் சொன்னேன். எங்கள் ஊரில் நர்ஸ்களை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்த மிஸி பார்த்தார், முகத்தில் எதையும் காட்டவில்லை, திரையை இழுத்து மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் பெட்டாலிங் ஜெயாக்காரப் பெண். தமிழ் கொஞ்சம் தடுமாறும், மனசு தடுமாறாது.

"பைல்ஸ்னு யாரும்மா சொன்னாங்க?"

"எங்க நாத்தனார், டாக்டர்."

"அவங்க பாத்தாங்களா?"

"இல்ல. கேட்டுட்டே சொல்லிட்டாங்க."

"கருணக்கெழங்கு டேஸ்ட்டுக்குச் சாப்பிடுங்க. இதுக்காகச் சாப்பிடாதீங்க" என்று சிரித்துவிட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது மருதான்மா. கையில கால்ல வருதே, அந்த மாதிரி. ஆனா அந்தரங்கத்துல வர்றதுக்கு வேற வகைக் கிருமி. எச்பிவின்னு பேரு. படுக்கையில தோலும் தோலும் ஒரசுறதுல ஒட்டிக்கும். ரொம்பப் பேருக்கு ஒட்டும், பாதிப் பேருக்கு வெளியவே தெரியாது. வயித்துல புள்ள இருக்கும்போது ஒடம்பு கொஞ்சம் அசந்திருக்கும்லா, அப்ப இது வேகமா வளரும்."

"புள்ளைக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?"

"பெரும்பாலும் ஒன்னும் ஆகாது. வழிய மறைக்கிற அளவு பெருசானாத்தான் யோசிக்கணும். அதுக்கு முன்னாடி நாமளே கரைச்சிடலாம்."

வீட்டில் பூசிக்கொள்ளும் மருந்தும் இருக்கிறதாம், ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாதாம். காலாணிக்குப் போடுகிற மருந்தைக் கடையில் வாங்கி அங்கே வைத்துவிடாதீர்கள், வெந்துபோகும் என்றார். யாரோ வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், அப்படி அழுத்திச் சொன்னார். குளிர வைத்துக் கருக்குவதுதான் எனக்குச் சரி. வேறு தொற்று இருக்கிறதா என்று ரத்தமும் எடுக்கச் சொன்னார். இந்த மருவை உண்டாக்குகிற கிருமி வேறு, கருப்பைவாய்ப் புற்றைக் கொண்டுவருகிற கிருமி வேறு, இருந்தாலும் பிள்ளை பிறந்தபின் அந்தச் சோதனையையும் மறக்காதீர்கள் என்றார்.

கடைசியில் நான் கேட்டேன். நாத்தனாரோடு அத்தனை வருஷம் பழகியதில் எனக்கும் அந்தக் கேள்வி தொற்றியிருந்தது. "யாருகிட்டருந்து டாக்டர் வந்திருக்கும்?"

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இந்தக் கிருமி மாசக்கணக்கா, சமயத்துல வருஷக்கணக்கா சத்தமில்லாமப் படுத்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே வந்ததா இருக்கலாம். இதுல தேதி முத்திரையெல்லாம் கெடையாதும்மா. இத வெச்சு யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஒங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, பாத்திடலாம்."

தேதி முத்திரை கிடையாது. அந்த வார்த்தையை அப்போதே கோத்துக்கொண்டேன்.

வெளியே நாத்தனார் காத்திருந்தாள். அன்று அவள்தான் கார் ஓட்டி வந்திருந்தாள். திரும்பி வரும் வழியில், நெரிசலில் வண்டி நின்ற இடத்தில் ஆரம்பித்தாள். என்ன சொன்னாங்க, ஏன் இவ்வளவு நேரம், எதுக்கு ரத்தம் எடுத்தாங்க. நான் மறைக்க நினைக்கவில்லை. சீக்குதானே, சொன்னேன். படுக்கையில் ஒட்டுவது என்று சொன்னபோது முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்துவிட்டன. பின்னால் லோரிக்காரன் ஹார்ன் அடித்துத் தீர்த்தான். அவள் வண்டியை எடுக்கவில்லை. என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பித்தளைத் தட்டு வந்தது.

என் வீட்டுக்காரரிடம் நான் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர், கிடங்கின் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வாய் குறைந்துபோகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணம் பேசிய சமயத்தில், கிள்ளானில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, அவர் ஒன்றை என்னிடம் சொல்லியிருந்தார். போர்ட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு ஒருத்தியோடு பழக்கம் இருந்தது, அது முடிந்துபோனது என்று. அக்காவுக்குத் தெரியாது, தெரிந்தால் அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டே போய்விடும் என்றார். எனக்கு அந்த ஒளிவில்லாத பேச்சு பிடித்துத்தான் கழுத்தை நீட்டினேன்.

ஆக அந்த மத்தியானம் எனக்கு வாய் திறக்க ஒரு வழி இருந்தது. திறக்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. அவர் சொல்வாரா என்பதில்தான் என் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பேசாமல் இருந்துவிட்டால், நான் கழுத்தில் ஒரு பழியையும் வயிற்றில் ஒரு சந்தேகத்தையும் சுமந்துகொண்டு அந்த வீட்டில் கடைசிவரை கிடக்க வேண்டும்.

சூடத்தைக் கொளுத்தினாள். "அணைச்சு சத்தியம் பண்ணு."

"என்னான்னுக்கா?"

"என் தம்பியத் தவிர வேற ஆம்பள ஒன்னத் தொடலன்னு."

"டாக்டர் சொன்னதத்தான் ஒங்ககிட்ட சொன்னேனே. எப்ப வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதுன்னு."

"டாக்டருக்கு என்ன தெரியும்? அவளா வந்து ஒன்கூட குடும்பம் நடத்துறா? ஒன்னு எங்கயோ ஆரம்பிச்சுத்தானே ஆவணும். மொத ஆளு இல்லாம ரெண்டாவது ஆளு எப்படி?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அவள் சொன்னதை அப்படியே சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சுட்டது. உண்மை சொன்னவள் கையும் சுடத்தான் செய்கிறது.

"கை நடுங்குச்சு" என்றாள்.

"குனிய முடியலக்கா. வயிறு."

"நடுங்குச்சு. நான் பாத்தேன்."

இன்னொரு கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். மறுபடியும் எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அப்போது என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"இது எனக்காக்கா?"

"ஒனக்கு எதுக்குடா?"

"ரெண்டு பேருக்கும் சேந்துதானே வருது. எனக்கு ஏன் கொளுத்தல?"

"நீ போய் ஒக்காரு."

"கொளுத்துனாலும் நான் அணைக்க மாட்டேன்கா. பொய்ச் சத்தியம் ஆயிடும். கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒருத்தி இருந்தா. இவளுக்குத் தெரியும். ஒனக்குத்தான் தெரியாது. என்கிட்டருந்து வந்ததாத்தான் இருக்கும், இல்லாமலும் இருக்கும். அதான் டாக்டர் சொல்றது."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். இதோ, வாழ்நாள் முழுக்க எல்லாரிடமும் கேட்டுத் திரிந்த கேள்விக்கு ஒருவர் தானாக முன்வந்து பதில் சொல்லிவிட்டார். யார் அவள், எந்த ஊர், எப்போது, எத்தனை நாள் என்று தோண்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் சூடக் கட்டியை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

"சரி விடு" என்றாள். "ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். நடந்தது நடந்து போச்சு. யாரு மொதல்லன்னு நோண்டிட்டு இருந்தா குடும்பம் நடத்த முடியுமா?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வெளிய மூச்சு விடாத. அவன் பேரு கெட்டுடும்" என்றாள்.

எண்ணெய்க் கையோடு வெளியேறிய அந்த ஆன்டிக்குக் கிடைக்காத 'சரி விடு'. வரிசையில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத 'சரி விடு'. அது அவளிடம் இல்லாத வார்த்தை என்று அவ்வளவு நாளும் நம்பியிருந்தேன். இருந்திருக்கிறது. ஒரே ஒரு ஆளுக்காகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் அன்றைக்குப் பிடித்த வெறுப்புதான் இது. கோபமாக இருந்தால் ஆறியிருக்கும்.

வைத்தியம் அது பாட்டுக்கு நடந்தது. புகை விடுகிற ஒரு குடுவை, அதில் நைட்ரஜன். டாக்டர் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து ஒவ்வொரு மருவின் மேலும் வைப்பார். அந்த இடம் வெள்ளை வெளேரென்று ஆகும், சுரீர் என்று எரியும். அப்புறம் கொப்பளித்து, கருத்து, தானாக உதிரும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். சில சின்னவை திரும்பவும் முளைத்தன. "திரும்ப வரும்மா, வந்தா திரும்பச் சுடுவோம். பயப்படுறதுக்கு ஒன்னும் இல்ல" என்றார் டாக்டர். முழுசாகக் காயும்வரை இருவரும் ஒதுங்கியே இருங்கள், பிறகும் கொஞ்ச காலத்துக்கு ஆணுறை போடுங்கள், அதுவும் முழுக் காவல் இல்லை என்றார்.

என் வீட்டுக்காரரும் வந்தார். அவர் சவரக் கொப்புளம் என்று நினைத்திருந்த ஒன்று மரு. அதையும் சுட்டார்கள். காலை அகட்டிக்கொண்டு வெளியே வந்து, "ஃப்ரோசன் கன்டெய்னர் எத்தனையோ எறக்கியிருக்கேன். என்னையே அதுல ஏத்துவாங்கன்னு நெனைக்கல" என்றார். கிளினிக் வாசலில் இருவரும் நின்று சிரித்தோம். சிரித்தால் எனக்கும் அங்கே இழுத்தது.

நாத்தனார் என்னை மூச்சு விடாதே என்றாளே தவிர, அவள் மூச்சு விட்டாள். என் வளைகாப்பின்போது தெரிந்தது. வந்த பெண்கள் என் மணிக்கட்டைப் பிடிக்காமல், விரல் நுனியால் வளையலைத் தள்ளி விட்டார்கள். கன்னத்தில் சந்தனம் பூச வந்த கைகள் பட்டும் படாமலும் போயின. எல்லாரும் எனக்கு ரவிக்கை அளவு கொடுத்தவர்கள். ஒருத்தி மட்டும் குனிந்து, "ஒனக்கு ஏதோ தோல் சீக்காம், அம்மா வீட்லருந்தே வந்ததாம், ஒங்க நாத்தனார் சொன்னாங்க. ஒட்டுமா?" என்று கேட்டாள். மேடையில் உட்கார்ந்திருந்த நான் நாத்தனாரைத் தேடினேன். அவள் பந்தியில் நின்று, பாயசம் யாருக்கு இரண்டு முறை போனது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். இது கை பட்டால் ஒட்டுவதில்லை என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். தலையை ஆட்டினாள், கையை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. வயிற்றில் கத்தி படவில்லை, கீழே தையல் மட்டும். ஆண் பிள்ளை.

பார்வையாளர் நேரத்தில் நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். காது மடலை மடக்கிப் பார்த்தாள். போர்வையை விலக்கிக் கால் விரல்களைப் பார்த்தாள். நீளமாக மூச்சு விட்டாள்.

"நம்ம வீட்டு மூக்குதான்" என்றாள் தம்பியிடம். கண்ணில் தண்ணீர் நின்றது. "இப்பத்தான்டா எனக்கு நிம்மதி."

என்னைப் பார்த்தும் சிரித்தாள். எனக்கு விடுதலை கொடுத்துவிட்ட சிரிப்பு. அத்தனை மாதமும், எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தபோதும், கால் வீங்கியபோது வென்னீர் ஊற்றியபோதும், அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள் என்று அப்போது புரிந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடுங்கக்கா" என்றேன்.

"இருலா, இப்பத்தான தூக்குனேன்."

"குடுங்க."

"பால் குடுக்கணுமா?"

"இல்ல."

தையல் வலியோடு கட்டிலை விட்டு இறங்கி நடந்துபோய், அவள் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவள் இரண்டு கைகளும் பிள்ளையைப் பிடித்திருந்த மாதிரியே வளைந்து காற்றில் நின்றன. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை.